பத்தொன்பது ஹாகர்வேட்

உலகத்தில் மொத்தம் எண்ணூறு கோடிப் பேர் இருக்கிறார்கள், அவர்களில் பெயருள்ளவர்கள் பத்தொன்பது பேர்தான் என்று ஆம்ப்ரோஸ் ஹாகர்வேட் சொன்னார்.

சொன்ன இடம், கெர்ஸ்டேல் கிராமத்தில் வில்ஃப் கிளெக் நடத்தும் மதுக்கடை. சொன்ன நேரம், விடாமல் தூறிக்கொண்டிருந்த ஒரு ஏப்ரல் சாயங்காலம். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் வில்ஃபும், கணப்பு முன்னால் ஈரம் காய்ந்துகொண்டிருந்த இரண்டு நாய்களும். நாய்கள் இதை முன்பே கேட்டிருந்தன.

"அப்ப எனக்கு இருக்கறதுக்குப் பேரு என்ன?" என்று குவளையைத் துடைத்துக்கொண்டே கேட்டார் வில்ஃப்.

"உனக்கு இருக்கறது ஒரு சவுகரியம், வில்ஃப். தபால்காரனுக்காக வச்சது. சந்தையில நின்னு கிளெக்னு கூப்ட்டுப் பாரு, பாதி சந்தை திரும்பும். ஹாகர்வேட்னு கூப்ட்டா நான் ஒருத்தன்தான் திரும்புவேன்."

"அப்படிக் கூப்புடறதுக்குத்தான் ஆள் கிடைக்க மாட்டேங்குது," என்றார் வில்ஃப்.

ஆம்ப்ரோஸ் இதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மகத்தான வம்சங்களுக்கு இந்த மாதிரிச் சில்லறை எதிர்ப்புகள் எப்போதுமே இருந்துவந்திருக்கின்றன.

அவர் கணக்கு தப்பில்லை. இங்கிலாந்து முழுக்கத் தேடியும் அவருக்கு அகப்பட்ட ஹாகர்வேட்கள் பத்தொன்பதே பேர். பதினொரு பேர் கெர்ஸ்டேலிலேயே இருந்தார்கள். மிச்சமிருந்த எட்டுப் பேர், ஆம்ப்ரோஸ் சொல்கிற மாதிரி சொன்னால், நாடெங்கும் காவலுக்கு நிறுத்தப்பட்டிருந்தார்கள். அந்தப் பெயருக்கு அர்த்தமும் அவர் கண்டுபிடித்து வைத்திருந்தார். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் கடல் தாண்டி வந்த நார்மன் படையில் ஓட்கேர் என்று ஒரு பிரபு இருந்தாராம். பிரெஞ்சில் 'உயர்ந்த போர்' என்று அர்த்தமாம். ஓட்கேர்தான் நாளடைவில் யார்க்‌ஷயர்க்காரர்கள் வாயில் விழுந்து ஹாகர் ஆகிவிட்டது. சரி, பின்னால் நிற்கிற 'வேட்' எதற்கு என்று யாராவது கேட்டால், ஆம்ப்ரோஸ் அவர்களுக்கு ஒரு பியர் வாங்கிக் கொடுத்துவிடுவார். கெர்ஸ்டேலில் பல பேர் அந்தக் கேள்வியை வருஷத்துக்கு ஒரு தடவை கேட்பார்கள்.

இத்தனைக்கும் ஆம்ப்ரோஸின் தொழில், ஆட்டுச் சந்தையில் ஏலம் விடுவது. வருஷம் பூர்த்தியாகி, இன்னும் முதல் முறை ரோமம் கத்தரிக்காத இளம் ஆட்டுக்கு அந்தப் பக்கத்தில் ஹாக் என்று பெயர். 'அருமையான ஹாக்குகள், கண்ணுக்கு நிறைஞ்ச ஹாக்குகள்' என்று முப்பது வருஷமாக வாரா வாரம் தொண்டை கிழியக் கூவிக்கொண்டிருந்தவர் அவர். கிராமத்துக்குக் கிழக்கே ஆறு அகலமாகி, முழங்கால் ஆழத்தில் கல் மேல் ஓடுகிற ஒரு துறை இருக்கிறது. ஆடுமாடு இறங்கிக் கடக்கிற அப்படிப்பட்ட இடத்துக்குப் பழைய பேச்சில் வேட் என்று சொல்வார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவருக்கு நேரமில்லை. ஊரில் மற்ற எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். மரியாதை கருதி யாரும் அவரிடம் சொன்னதில்லை. கெர்ஸ்டேலில் ஒருவர் தன் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்கு வந்தாலும், பார்த்தவர்கள் வானத்தைப் பார்த்து, மழை வரும் போலிருக்கிறதே என்பார்கள்.

அந்தத் துறையில்தான் வருஷா வருஷம் மே மாதக் கடைசித் திங்கள்கிழமை கயிறு இழுப்பார்கள். இந்தக் கரையில் எட்டு ஹாகர்வேட்கள், அந்தக் கரையில் எட்டு 'மற்றவர்கள்'. அணியின் பெயரே அதுதான். தோற்றவர்கள் ஆற்றுக்குள் இழுபட்டு, பல் கிட்டித்துப்போய், ஜெயித்தவர்களுக்கு பியர் வாங்கிக் கொடுக்க வேண்டும். கயிற்றைத் தொடுமுன் ஒவ்வொருவரும் ஒரு காலை ஆற்றிலும் ஒரு காலைக் கரையிலும் வைத்துக்கொண்டு தன் பெயரைச் சொல்ல வேண்டும். அப்போது பொய் சொல்லக் கூடாது. ஹாகர்வேட் என்று பெயருள்ள எவரும் எதிர்க்கரையில் கயிறு பிடிக்கக் கூடாது. கோவில் மணி மூன்று அடிப்பதற்குள் இரண்டு கரையிலும் எட்டெட்டுப் பேர் நிற்காவிட்டால், கயிற்றை நடுவில் வெட்டி ஆளுக்குப் பாதி கொடுத்துவிடுவார்கள். அதோடு சரி, அப்புறம் எந்த வருஷமும் கிடையாது. அதற்கென்றே ஒரு கோடாலி உண்டு. கேக் விற்கிற மேசையில், எலுமிச்சை கேக்குக்கும் ஜாம் பாட்டில்களுக்கும் நடுவே வெள்ளைத் துணி விரித்து அதை வைப்பார்கள். ஆம்ப்ரோஸுக்குத் தெரிந்து அந்தக் கோடாலி கேக் வெட்டக்கூடப் பயன்பட்டதில்லை.

இந்த வருஷம் அதற்கு வேலை வரும் போலிருந்தது.

ஆம்ப்ரோஸின் மகள் ஹெஸ்டர், ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில், வறுத்த உருளைக்கிழங்கைத் தட்டில் போட்டுக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள். அவள் முழுகாமல் இருக்கிறாள். இந்தத் தடவை கயிறு பிடிக்க முடியாது. அம்மா டார்க்கஸ் எழுந்து போய் மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஆம்ப்ரோஸும் கண் கலங்கினார். பிறகு விரல் விட்டு எண்ணினார். கெர்ஸ்டேலின் பதினொரு பேரில் இரண்டு பேர் தொட்டிலில் இருந்தார்கள், ஒருவர் சக்கர நாற்காலியில் இருந்தார். ஹெஸ்டரைக் கழித்தால் ஏழு.

"மாமா, நான் வேணா வரட்டுமா?" என்று கேட்டான் காலின்.

காலின் பேட்ஸ், கல்யாணத்துக்குப் பிறகும் ஹாகர்வேட்டாகவே இருந்த ஹெஸ்டரின் புருஷன். லெஸ்டர் நகரத்துக்காரன். சந்தையூரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தான். இரட்டைக் கதவு அலமாரி மாதிரி உடம்பு. அதற்குள் ஒரு முயல் குடியிருக்கிற மாதிரி பேச்சு. கல்யாணமாகி வந்ததிலிருந்து மூன்று வருஷமாக மற்றவர்களுக்காகக் கடைசி ஆளாக நின்று, கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு, மாமனாரை மூன்று தடவை ஆற்றில் இறக்கியவன். ஒவ்வொரு தடவையும் மன்னிப்புக் கேட்டவன்.

"எங்க வர்றே, பேட்ஸ்?" மருமகனை ஆம்ப்ரோஸ் அப்படித்தான் கூப்பிடுவார்.

"உங்க பக்கம். அதாவது... பேரை மாத்திக்கிட்டு. ஒரு கையெழுத்துதான் மாமா. பொறக்கற குழந்தைக்கும் ஹெஸ்டருக்கும் எனக்கும் ஒரே பேரா இருந்தா நல்லாருக்கும்னு..."

ஆம்ப்ரோஸ் கத்தியையும் முள்கரண்டியையும் தட்டில் வைத்தார்.

"பேரு என்ன மழைக்கோட்டாடா? ஆணியில தொங்கறதை எடுத்து, கை ரெண்டையும் விட்டுக்கிட்டு, 'நானும் ஹாகர்வேட்'னு கிளம்பறதுக்கு? ரத்தம் வேணும். ஆயிரம் வருஷம் வேணும். கையெழுத்துப் போட்டுக் குதிரை வாங்கலாம். குதிரையாவே ஆக முடியுமா?"

"அம்மா போட்டுக்கலையா?" என்றாள் ஹெஸ்டர்.

"அது வேற."

"எப்படி வேற?"

"அது இயற்கை."

ஸ்மித் குடும்பத்தில் பிறந்த டார்க்கஸ் குழம்பை நீட்டினாள். "முப்பத்தஞ்சு வருஷமா போட்டிருக்கேன். எங்கேயும் பிடிக்கல. அளவு சரியாத்தான் இருக்கு," என்றாள்.

அடுத்த ஒரு மாதம் முழுக்க ஆம்ப்ரோஸ், சாப்பாட்டு மேசையில் கேட்டதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். சந்தையில் ஏலத்துக்கு நடுவில் சொன்னார். மதுக்கடையில், தன் மழைக்கோட்டை ஆணியிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டு, மார்பை முன்னே தள்ளி, எதிரே உட்கார்ந்திருந்த காலினின் முயல் குரலில் 'நான் இப்ப பிரபு, மாமா' என்று நடித்துக் காட்டினார். வில்ஃப் சிரிக்கவில்லை. காலின் இருந்தால்தான், தான் திரட்டுகிற மற்றவர்கள் பக்கம் எட்டுப் பேர் என்பது வில்ஃபுக்கு மட்டும் தெரிந்த கவலை. கெர்ஸ்டேலில் பாதி வீடுகளுக்கு மேல் இப்போது விடுமுறைக் குடில்கள். வாசலில் எண் பூட்டுப் போட்ட சின்னப் பெட்டி, அதற்குள் சாவி. வெள்ளிக்கிழமை ஒரு குடும்பம் வரும், ஞாயிற்றுக்கிழமை போகும். ஹாகர்வேட்களுக்குப் பெயரே போதும்; மற்றவர்களில் குளிர்காலத்தை ஊரிலேயே கழித்தவர்கள்தான் கயிறு பிடிக்கலாம் என்பது விதி. அப்படிக் கழித்தவர்களில் இடுப்பு நேராக நிற்கிற மற்றவர்கள் சரியாக எட்டுப் பேர். வில்ஃப் இதை ஆம்ப்ரோஸிடம் சொல்லவில்லை. ஆம்ப்ரோஸும், மற்றவர்கள் தீர்ந்துபோகக்கூடிய சரக்கு என்று கனவிலும் நினைத்ததில்லை.

வெளியூர் ஹாகர்வேட்கள் எட்டுப் பேருக்கும் ஆம்ப்ரோஸ் போன் போட்டார். டார்க்கி நகரத்தில் இருந்தவருக்கு மணிக்கட்டு சரியில்லை. பாத் நகரத்தில் இருந்த அம்மாள், கயிறு என்றதும் எதையோ விற்கிறார் என்று நினைத்து வைத்துவிட்டாள். மூன்று பேர் இன்னும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள், நாலாவது ஆளான அவர்களுடைய தாயாருக்கு அன்று வேலை இருந்தது. கார்டிஃபில் ஒருவர், பெண்டாட்டி ஆசைப்பட்டாள் என்று, பெயரை இரண்டாக வெட்டி நடுவே ஒரு கோடு போட்டு 'ஹாகர்-வேட்' ஆக்கிக்கொண்டிருந்தார். ஆம்ப்ரோஸ் அந்த போனை வைத்துவிட்டு ஐந்து நிமிஷம் தோட்டத்தில் நடந்தார். கடைசியாக கிரிம்ஸ்பியில் வெரிட்டி ஹாகர்வேட் என்று ஒரு பெண். யாரும் எடுக்கவில்லை; செய்தி சொல்லுங்கள் என்றது இயந்திரம். ஆம்ப்ரோஸ் ஓட்கேர் பிரபுவிலிருந்து ஆரம்பித்தார். படை கப்பலிலிருந்து இறங்குகிற இடத்தில் இயந்திரம் கீச்சென்று நின்றுவிட்டது. மறுபடி போட்டு, ஊரையும் தேதியையும் சொல்லி, பிரபுவைக் குதிரையில் ஏற்றினார். அங்கேயும் நின்றுவிட்டது. திரும்ப யாரும் கூப்பிடவில்லை.

அந்தத் திங்கள்கிழமை அதிசயமாக வெயில் அடித்தது. கெர்ஸ்டேல் மக்கள் அதை நம்பாமல் குடையோடு வந்திருந்தார்கள். ஐந்து ஊர்க் கோவில்களை ஒற்றை ஆளாகச் சமாளிக்கிற போதகரம்மா மூரியல், ரப்பர் பூட்ஸும் வெள்ளைக் கழுத்துப்பட்டையுமாக ஆற்றின் நடுவில் ஒரு கல் மேல் நின்றார். பெயர் கேட்பது அவர் பொறுப்பு. கரையில் விடுமுறைக் குடும்பங்கள் கம்பளம் விரித்து உட்கார்ந்து கோழி சாண்ட்விச் தின்றன.

ஆம்ப்ரோஸையும் சேர்த்து ஏழு பேர் நின்றார்கள். எட்டாவது இடம், முன்பல் விழுந்த மாதிரி காலியாக இருந்தது. மகன்கள் மாதிரி வளர்த்த சித்தப்பா மக்கள் இரண்டு பேர் அவர் முகத்தைப் பார்ப்பதும் கோடாலியைப் பார்ப்பதுமாக இருந்தார்கள். ஹெஸ்டர் கேக் மேசைக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அப்பா வந்து ஒரு வார்த்தை கேட்டால் போதும் என்கிற மாதிரி அவள் பார்த்தாள். ஆம்ப்ரோஸ் கேட்கவில்லை. வெட்டுப்பட்ட பாதிக் கயிற்றை எங்கே மாட்டுவது, கணப்புக்கு மேலேயா, கொட்டகையிலா என்று யோசித்துக்கொண்டிருந்தார். எங்கே மாட்டினாலும், வருகிறவர்கள் கேட்பார்கள். யார் காலத்தில் வெட்டினது என்று கேட்பார்கள்.

போதகரம்மா முதலில் மற்றவர்களிடம் போனார். வில்ஃப் கிளெக் காலை நனைத்துப் பெயர் சொன்னார். அப்புறம் இரண்டு ஹோல்ராய்ட், இரண்டு பார்க்கர், இரண்டு ஸ்மித். ஏழு பேர் ஆயிற்று. கடைசியில் காலின் வந்தான். ஷூவைக் கழற்றினான், சாக்ஸைக் கழற்றி ஷூவுக்குள் மடித்து வைத்தான், வலது காலைத் தண்ணீரில் வைத்தான். குளிரில் மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

"பேர் சொல்லுங்க," என்றார் போதகரம்மா.

காலின் வாயைத் திறந்தான். மூடினான். அக்கரையில் நின்ற மாமனாரைப் பார்த்தான். பிறகு தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, "காலின் ஹாகர்வேட்," என்றான்.

இரண்டு கரையிலும் ஊர்க்காரர்கள் வானத்தைப் பார்த்தார்கள். விடுமுறைக்காரர் ஒருவர் மட்டும், என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று சாண்ட்விச்சோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

"எப்பலேருந்து?" என்றார் ஆம்ப்ரோஸ். சந்தையில் கூவிப் பழகிய குரல் அக்கரை வரைக்கும் போகவே சிரமப்பட்டது.

"மார்ச்லேருந்து மாமா. உங்ககிட்ட அனுமதி கேக்கலாம்னுதான் அன்னிக்கு ஆரம்பிச்சேன். நீங்க மழைக்கோட்டு, குதிரைன்னு போய்ட்டீங்க. அப்புறம் எப்படிச் சொல்றது? சரி, கயிறு பிடிக்கறப்ப மட்டும் பழையபடி பேட்ஸ்னு சொல்லிடலாம்னு நினைச்சேன். கால் தண்ணியில இருக்கறப்ப வர மாட்டேங்குது."

அதற்கு முந்தின ஒரு மாதம், தான் மழைக்கோட்டைப் போட்டு நடித்துக் காட்டியபோதெல்லாம், எதிரே ஒரு ஹாகர்வேட் உட்கார்ந்து மரியாதைக்குச் சிரித்துக்கொண்டிருந்தான் என்பது ஆம்ப்ரோஸுக்கு அப்போதுதான் உறைத்தது.

போதகரம்மா விதியைச் சொன்னார். அந்தப் பெயரோடு அந்தக் கரையில் நிற்க முடியாது. காலின் ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு, கல் குத்துகிற வலியில் முகத்தைச் சுளித்தபடி ஆற்றைக் கடந்து வந்து, மாமனாரிடமிருந்து பத்திரமான தூரத்தில் நின்றான். இந்தப் பக்கம் எட்டு ஆகிவிட்டது. அந்தப் பக்கம் ஏழு.

"யாராச்சும் வர்றீங்களா?" என்று வில்ஃப் தன் கரையைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார். கம்பளங்களிலிருந்து நாலைந்து பேர் உற்சாகமாகக் கையைத் தூக்கினார்கள். போன குளிர்காலம் எங்கே இருந்தீர்கள் என்று போதகரம்மா கேட்டதும் கைகள் இறங்கின. அப்போதுதான் ஆம்ப்ரோஸ் கவனித்தார். அக்கரையில் அந்த ஏழு பேருக்குப் பின்னால், கயிறு பிடிக்கிற வயசில் கெர்ஸ்டேல்காரர் என்று ஒருவரும் இல்லை. வெறும் புல்தான்.

"இவ்ளோதானா நீங்க?" என்றார்.

"இவ்ளோதான்," என்றார் வில்ஃப். "உன்கிட்ட சொல்லியிருப்பேன். நீ அபூர்வத்தைப் பத்திப் பேசிட்டிருந்தே, நடுவுல பேச வேணாம்னு விட்டுட்டேன்."

மேட்டுச் சாலையில் பெரிய இரைச்சலோடு ஏதோ வந்து நின்றது. ஆம்ப்ரோஸுக்கு அது வெள்ளையாக ஒரு கட்டடம் நகர்ந்து வந்த மாதிரி தெரிந்தது.

"மீன் லாரி, மாமா," என்றான் காலின் மெல்ல. "உங்களுக்கு தூரப்பார்வைக்கு ஒரு கண்ணாடி போடணும்னு நான்..."

"எனக்குத் தெரியுது."

லாரியிலிருந்து இறங்கி, வேலிக் கதவைத் திறந்துகொண்டு, புல்வெளிச் சரிவில் ஒரு பெண் நடந்து வந்தாள். நாற்பது வயசு இருக்கும். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய தோள்கள். நேராக ஆம்ப்ரோஸிடம் வந்து கையை நீட்டினாள்.

"வெரிட்டி ஹாகர்வேட். கிரிம்ஸ்பி. நீங்கதானே போன்ல கதை சொன்னது? குதிரை ஏறினதோட நின்னுபோச்சு. அப்புறம் அந்த ஆள் என்ன ஆனாரு?"

ஆம்ப்ரோஸ் அவள் கையை விடவே இல்லை. உயர்ந்த போரைப் பற்றி ஆரம்பித்தார். வெரிட்டி பொறுமையாகக் கேட்டாள்.

"அப்படியா சொல்றீங்க?" என்றாள். "எங்க வீட்ல, ஆட்டுக்குட்டி ஆறு தாண்டற இடம்னு சொல்வாங்க."

ஆம்ப்ரோஸ் பதில் சொல்லியிருந்தாலும் ஆட்டுச் சத்தத்தில் கேட்டிருக்காது. கிரிம்ஸ்பியில் ஆட்டுக் கொல்லை கிடையாது. திறந்த வேலிக் கதவை உடனே மூட வேண்டும் என்று அங்கே யாரும் சொல்லித் தருவதில்லை. மேட்டுக் கொல்லையில் மேய்ந்துகொண்டிருந்த இளம் ஆடுகள் திறந்த கதவைப் பார்த்துவிட்டன. ஒன்று வந்தது, அதன் பின்னால் பத்து வந்தன, அப்புறம் மொத்த மந்தையும் கத்திக்கொண்டு சரிவில் இறங்கிற்று. அத்தனை நீள ஆற்றில் வேறு இடமே இல்லாத மாதிரி நேராகத் துறைக்கு வந்து, இரண்டு அணிகளுக்கும் நடுவே, போதகரம்மா நின்ற கல்லைச் சுற்றிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் சளப்சளப்பென்று கடந்தன.

ஆம்ப்ரோஸ் பழக்கதோஷத்தில் அவற்றை எடை போட்டார்.

"அருமையான ஹாக்குங்க," என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். "என்னமா இறங்கிப் போகுதுங்க பாரு, இந்த வேட்ல..."

நிறுத்திக்கொண்டார்.

ஊர் மொத்தமும் வானத்தைப் பார்த்தது. மேகம் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் வெகுநேரம் பார்த்தார்கள். டார்க்கஸ் மட்டும் புருஷனைப் பார்த்தாள். அவர் காது மடல் சிவந்து, சிவப்பு மெல்லக் கன்னத்துக்கு வந்தது. பிறகு அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாரோ என்று அவள் ஒரு அடி முன்னால் வைத்தாள். ஆம்ப்ரோஸ் சிரித்துக்கொண்டிருந்தார்.

"முப்பது வருஷம்," என்றார். "வாரா வாரம் கூவியிருக்கேன். ஒருத்தன் சொல்லலையே."

"நீங்க சந்தோஷமா இருந்தீங்க," என்றாள் டார்க்கஸ்.

கடைசி ஆடு அக்கரை ஏறியது. ஒரு குட்டி மட்டும் கல் இடுக்கில் கால் மாட்டி நின்று கத்தியது. காலின் கையிலிருந்த ஷூவைக் கீழே போட்டுவிட்டு இறங்கி, அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, மன்னிக்கணும் மன்னிக்கணும் என்று ஆட்டிடம் சொல்லியபடி அக்கரையில் விட்டுவிட்டு வந்தான். இதுவரை கெர்ஸ்டேலில் எந்த ஹாகர்வேட்டும் தன் பெயருக்கு இத்தனை பொருத்தமாக ஒரு காரியம் செய்ததில்லை என்று ஆம்ப்ரோஸுக்குத் தோன்றியது.

போதகரம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஆம்ப்ரோஸ், நேரமாச்சு. இந்தக் கரையில ஒன்பது பேர், அந்தக் கரையில ஏழு. ஹாகர்வேட் யாரும் அங்கே கயிறு பிடிக்க முடியாது. நான் என்ன பண்ணட்டும் சொல்லுங்க." அவர் கண் கேக் மேசைப் பக்கம் போய்த் திரும்பியது. ஹெஸ்டர் கோடாலி மேல் வெள்ளைத் துணியை இழுத்து மூடிவிட்டு, அதன் மேல் எலுமிச்சை கேக்கை வைத்திருந்தாள்.

காலின் தொண்டையைச் செருமினான். "நான் திரும்ப பேட்ஸாயிடறேன் மாமா. எனக்கு ஒண்ணும் இல்ல. அந்தப் பக்கம் போய்ப் பிடிக்கறேன். நாளைக்குப் போய் மாத்திக்கிட்டாப் போச்சு."

ஹெஸ்டர் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள். ஆம்ப்ரோஸ் அந்தக் கையைப் பார்த்தார். இவ்வளவு கிட்டத்தில் இருப்பது அவருக்குக் கண்ணாடி இல்லாமலே நன்றாகத் தெரியும்.

அவர் இடுப்பில் கட்டியிருந்த அகலமான தோல் வாரைக் கழற்றினார். கடைசி ஆள் கட்டிக்கொள்கிற வார் அது. அவருக்கு முன்னால் அவர் அப்பா கட்டியிருந்தார். அதைக் காலினிடம் நீட்டினார். சுற்றளவு போதாது போலிருந்தது. கடைசி ஓட்டையில்தான் மாட்டியது.

"போட்டதைக் கழட்டாதே மாப்ளே," என்றார். "தண்ணி குளிரும்."

காலின் ஏதோ சொல்ல வந்தான். ஆம்ப்ரோஸ் கையமர்த்திவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உன்னோட பழசு ஒண்ணு இருக்கே. அது இப்ப சும்மாத்தானே தொங்குது?"

காலினுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் வேகமாகத் தலையாட்டினான். "சும்மாத்தான் மாமா. எடுத்துக்கங்க. கொஞ்சம் லூசா இருக்கும்."

கணக்கைப் பார்த்தால் ஒன்று கூடி ஒன்று குறைந்திருந்தது. உலகத்தில் ஹாகர்வேட்கள் அன்றைய தேதிக்கும் பத்தொன்பதே.

ஆம்ப்ரோஸ் பூட்ஸைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டு ஆற்றில் இறங்கினார். ஆடுகள் கலக்கிய தண்ணீர் இன்னும் தெளியவில்லை. அக்கரையில் வில்ஃப் கை கொடுத்து ஏற்றிவிட்டார். ஆம்ப்ரோஸ் ஒரு காலை மட்டும் தண்ணீரில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"பேர் சொல்லுங்க," என்றார் போதகரம்மா.

ஆம்ப்ரோஸ் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு, பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"பேட்ஸ். ஆம்ப்ரோஸ் பேட்ஸ்."

போதகரம்மா வானத்தைப் பார்த்தார். "இருக்கட்டும்," என்றார்.

கோவில் மணி மூன்று அடித்தது. கயிறு தண்ணீரிலிருந்து எழுந்து, சொட்டச் சொட்ட இறுகியது. எதிரே, கயிற்றின் மறு நுனியில், தோல் வாரைக் கட்டிக்கொண்டு இரட்டைக் கதவு அலமாரி ஒன்று குதிகாலை மண்ணில் ஊன்றிக்கொண்டிருந்தது.

"பேட்ஸ்," என்று வில்ஃப் முன்னாலிருந்து கூப்பிட்டார். "கொஞ்சம் பின்னால தள்ளி நில்லு."

ஆம்ப்ரோஸ் திரும்பிப் பார்த்தார். ஒரு அடி பின்னால் வைத்து, உள்ளங்கையில் துப்பிக்கொண்டு, கயிற்றைப் பிடித்தார்.